பற்றறி காணாமல் போன கிழமை

மெரிலேண்ட்ஸில் வரதராஜாவின் மோட்டார் சைக்கிள் பற்றறி காணாமல் போனது ஜூலை மாதத்து, அந்த நாட்டில் நடுக்குளிர்காலத்து, ஒரு செவ்வாய்க்கிழமை. வண்டியிலிருந்து யாரேனும் கழற்றிக்கொண்டு போயிருந்தால் பெரிய பேச்சு இல்லை. ஊரில் கள்ளன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள். ஆனால் அது வீட்டுக்குள்ளே, உடுப்புத் தோய்க்கிற அறையின் தட்டில் இருந்து போனது. கதவு உடைபடவில்லை, யன்னல் உடைபடவில்லை. அப்படியென்றால் கள்ளன் அந்த வீட்டிலேயே படுத்து எழும்புகிறவன். இந்த நினைப்பு வரதராஜாவுக்கும் வந்தது. அவருக்கு முன்னமே விமலாதேவிக்கு வந்துவிட்டது.

விமலாதேவி அவருடைய மனைவி. ஐம்பது வயது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஆட்களை நம்பாமல் இருப்பதை அவள் ஒரு குறையாக ஒருநாளும் நினைத்ததில்லை. அதுதான் தன்னை இவ்வளவு காலமும் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று நினைப்பவள். கடையில் தரும் பில் துண்டை வாசலிலேயே நின்று வாசிப்பாள். தொலைபேசியில் யாராவது பெயர் கேட்டால், முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்பாள். குசினியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு அரிசி வாளி இருந்தது. அதற்குள் வேறு எவரும் கை வைக்கக்கூடாது. ஈரக்கை பட்டால் பூச்சி பிடிக்கும் என்பது அவள் சொல்லும் காரணம். தினமும் அவளே மூடியைத் திறந்து, அவளே தகரப் பேணியால் அளந்து, அவளே மூடுவாள். "அம்மாவின்ர பாஸ்வேர்ட் போட்ட வாளி" என்று மகள் நிவேதிகா பகிடி பண்ணுவாள். நிவேதிகாவுக்குப் பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அங்கே சேரும்போது குடியுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள். "நாளைக்குத் தாறன்" என்றாள் விமலாதேவி. மறுநாள் காலை அது மேசையில் இருந்தது. எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

வீட்டில் நாலாவது ஆள் லதீஸ். பின்பக்க அறையில் இருந்தான். முப்பத்தேழு வயது. பதின்மூன்று வருடங்களுக்கு முன் படகில் வந்தவன். இன்னும் தற்காலிக விசாதான், முடியமுடியப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். ரைல்ஸ் பதிக்கிற வேலை. மூன்று வருடமாக அந்த அறையில் வாடகைக்கு இருக்கிறான், சாப்பாடும் அங்கேதான். ஆனால் வீட்டு ஒப்பந்தத்தில் அவன் பெயர் இல்லை. அந்த வீடே வாடகை வீடு. ஏஜென்றுக்குத் தெரிந்தவரை அங்கே மூன்று பேர்தான். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ற் வீடு பார்க்க வரும் நாளில் லதீஸ் தன் மெத்தையை மடித்து, செருப்பையும் பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு, இல்லாத ஆளாகிவிட வேண்டும். அதை அவன் ஒரு குறையும் சொல்லாமல் செய்துவந்தான். விசா எடுக்கும்போது அவன் கையெழுத்து வைத்த தாள்களில் ஒன்று நடத்தையைப் பற்றியது. பொலிசில் பெயர் பதிந்தால் விசா போகும். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பற்றறி எப்படி வீட்டுக்குள் வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் வரதராஜாவுக்குக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. எட்டுக் கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது, மோட்டார் சைக்கிளில் ஏறவே கூடாது என்றார்கள். அவருக்குப் பாண் பேக்டரியில் விடிய நாலு மணிக்கு வேலை. அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. காரை விமலாதேவி கொண்டுபோய்விடுவாள். எனவே அந்த நீல நிற மோட்டார் சைக்கிள்தான் அவருக்கு எல்லாம். ஹோம்புஷில் கராஜ் வைத்திருக்கும் தவத்துக்குப் போன் போட்டார்.

"குளிருக்குள்ள எட்டுக் கிழமை சும்மா விட்டீங்களெண்டால் பற்றறி செத்துப்போகும் அண்ணை" என்றான் தவம். "கழட்டி வீட்டுக்குள்ள வையுங்கோ. சின்னச் சார்ஜர் ஒண்டு இருக்கு, அதைக் கொழுவி விட்டால் அது தானா ஏத்தும், தானா நிப்பாட்டும். நீங்கள் தூக்கிப்போடாதேங்கோ, தையல் விட்டிடும்."

தூக்குவதற்கு லதீஸ் வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. முன்முற்றத்துப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. வரதராஜா போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தபடி மேற்பார்வை பார்த்தார்.

"முதல்ல சீற்றைக் கழட்டு தம்பி. கீழ ரெண்டு வயர் இருக்கும். கறுப்பு எது, சிவப்பு எது எண்டு வடிவாப் பார். பாத்திட்டு முதல்ல..."

அவர் முடிப்பதற்குள் லதீஸ் கறுப்பு வயரின் ஆணியைத் தளர்த்திவிட்டான். அதன் முனையில் ஒரு துணித்துண்டைச் சுற்றி ஒதுக்கிவிட்டுச் சிவப்புக்குப் போனான்.

"கறுப்புத்தான் முதல் எண்டு சொல்ல வந்தனான்" என்றார் வரதராஜா, கொஞ்சம் ஏமாற்றமாக.

"ஓம் அண்ணை. சிவப்பை முதல்ல கழட்டினால் ஸ்பனர் இரும்பில முட்டி நெருப்புப் பறக்கும்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"தெரியும் அண்ணை."

குசினி வாசலில் கறிவேப்பிலை மரத்துக்குப் பழைய போர்வை கட்டிக்கொண்டிருந்த விமலாதேவிக்கு இது கேட்டது. அந்த மரம் தோள் உயரம். குளிரில் ஒவ்வொரு வருடமும் இலையெல்லாம் கொட்டி, செத்ததுபோல் நிற்கும். அவள் அதற்குப் போர்வை கட்டி, அடியில் காய்ந்த புல்லைக் குவித்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் சோறு போடும்போது கணவனிடம் கேட்டாள்.

"ரைல்ஸ் ஒட்டுறவனுக்குப் பற்றறியைப் பற்றி எப்பிடித் தெரியும்?"

"உதெல்லாம் ஒரு விசயமே? தெரிஞ்சிருக்கும்."

"எப்பிடித் தெரியும் எண்டு கேட்டதுக்குத் தெரியும் எண்டு சொல்லுறவனை நான் நம்பமாட்டன்."

பற்றறியின் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வரதராஜா அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பழைய பற்பிரஷால் தேய்த்தார். துடைத்துக் காயவைத்து வாஸ்லின் களிம்பு பூசினார். வெறும் சீமெந்தில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது அவருடைய பிடிவாதம். தவம் அது பழைய கதை என்று சொல்லியும் கேட்காமல் ஒரு பலகைத் துண்டை வெட்டிப் போட்டு அதன்மேல் வைத்தார். யன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டார். சார்ஜரைக் கொழுவியதும் சிவப்பு லைற் எரிந்தது. மறுநாள் அது பச்சையாகி, கண் சிமிட்டுவதுபோல் பத்திப் பத்தி நூர்ந்தது. அதன்பிறகு அவருக்குப் பொழுதுபோக்கே அதுதான். காலையில் ஒருமுறை போய்ப் பார்ப்பார், பின்னேரம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். சனிக்கிழமைகளில் வயரைக் கழற்றி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மீற்றரால் அளந்து, "பன்னிரண்டு தசம் ஏழு" என்று வீட்டுக்கே கேட்கும்படி சொல்லுவார்.

"பிள்ளை பிறந்த நேரம் நீங்கள் இப்பிடி எட்டிப் பாக்கேல்லை" என்பாள் விமலாதேவி.

இப்படி ஆறு கிழமை போனது. ஏழாம் கிழமை அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று காலை பத்து மணிக்கு ஏஜென்ற் வீடு பார்க்க வருவதாகக் கடிதம் வந்திருந்தது. விமலாதேவி விடிய ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு நிவேதிகா சிநேகிதியின் காரை வாங்கித் தகப்பனை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் சரி, வாற திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்றார் வைத்தியர். லதீஸ்தான் கடைசியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன். ஏஜென்ற் தன்னிடம் உள்ள திறப்பால் திறந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பின்னேரம் வரதராஜா சந்தோசமாகப் பற்றறியைப் பார்க்கப் போனார். பலகை இருந்தது. சார்ஜர் இருந்தது. பற்றறி இல்லை.

"விமலா, பற்றறியை எங்கையேன் எடுத்து வைச்சனீரோ?"

விமலாதேவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வெளியே போய், மோட்டார் சைக்கிளின் உறையை இழுத்துப் போட்டு, இயந்திரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. சீற்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா பாக்கிறீர்?"

"வைத்தியர் ஓம் எண்டவுடன கொழுவிப்போட்டு ஓடித் திரியிறீங்களோ எண்டு பாத்தனான்."

"நானே காணேல்லை எண்டு சொல்லுறன்."

"அதைத்தான் நானும் யோசிச்சனான். தான் எடுத்துப்போட்டுத் தானே காணேல்லை எண்டு சொல்லுறவையும் இருக்கினம்."

எடுத்தது கணவன் இல்லை என்று தெரிந்ததும் சந்தேகம் ஏஜென்ற் பெண்மேல் போனது. ஆனால் குதி உயர்ந்த சப்பாத்தோடு வருகிற பிள்ளை நாலு கிலோ பற்றறியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகுமா என்று நிவேதிகா கேட்டாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர். விமலாதேவியின் குரல் ஏறியது.

"நான் முதலே சொன்னனான். பற்றறியில விசயம் தெரிஞ்சவன் எண்டு. நிவேதிகா, பொலிசுக்கு ஒன்லைனில எழுது."

"சீரியஸா அம்மா? அவருக்கு விசா போயிடும். கேஸ் ஒண்டு பதிஞ்சாலே காணும்."

"களவெடுக்கேக்க அதை யோசிச்சிருக்க வேணும். பொலிசுக்கு எழுது எண்டால் எழுது."

அப்போது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. லதீஸ் உள்ளே வந்தான். காற்சட்டை முழங்காலெல்லாம் சீமெந்து. மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"தம்பி, பற்றறியைக் காணேல்லை. பாத்தனியோ?" என்றார் வரதராஜா.

லதீஸ் குசினி யன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றான்.

அன்றைக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அவன் பாதியிலேயே சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். கழுவுகிற சத்தத்தைக்கூட விமலாதேவி உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்தது. ஏஜென்ற் தான் எடுத்த படங்களை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். நிவேதிகா ஒவ்வொன்றாகக் காட்டினாள். உடுப்புத் தோய்க்கிற அறையின் படம். நேரம் பத்து மணி ஏழு நிமிடம். தட்டில் பலகை தெரிந்தது, சார்ஜர் தெரிந்தது, பற்றறி தெரியவில்லை.

"அப்ப அவள் வரமுன்னமே போட்டுது" என்றாள் விமலாதேவி. "கடைசியா வெளிக்கிட்டது ஆர்?"

வரதராஜா அந்தப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். சார்ஜரின் வயர் அழகாகச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. எந்தக் கள்ளன் வயரைச் சுற்றி வைத்துவிட்டுப் போவான், எந்தக் கள்ளன் பற்றறியை எடுத்துக்கொண்டு புதுச் சார்ஜரை விட்டுவிட்டுப் போவான் என்று அவருக்குத் தோன்றியது. அதை அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண்சாதி கோபத்தில் இருக்கும்போது நியாயம் பேசுகிற தைரியம் அவருக்கு எப்போதுமே குறைவு. அன்று பின்னேரம் லதீஸைத் தனியாகப் பிடித்தார்.

"தம்பி, என்னட்டைச் சொல்லு. ஏதும் அவசரம் எண்டால் சொல்லியிருக்கலாம்தானே."

"நான் விக்கேல்லை அண்ணை."

"வித்தாய் எண்டு ஆர் சொன்னது?"

லதீஸின் முகத்தில் வியர்த்திருந்தது, அந்தக் குளிரிலும். வரதராஜாவுக்கு மனம் விட்டுப் போனது. இவன்தான் என்று அவரும் முடிவுகட்டினார்.

புதுப் பற்றறி ஒன்று வாங்குவது பெரிய காரியம் இல்லை. தவத்தின் கராஜில் அரை மணித்தியால வேலை. ஆனால் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த வீட்டில் இப்போது காணாமல் போயிருந்தது பற்றறி இல்லை. விமலாதேவி தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். கைப்பையைக் குளியலறைக்கும் கொண்டுபோனாள். வேலையால் வந்ததும் குசினி யன்னலடியில் நின்றுகொண்டு, லதீஸ் எந்தப் பக்கம் போகிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று பார்த்தாள். அவன் பின்வளவுக்கு இறங்கினாலே யன்னல் திரை விலகும். இறங்கியவன் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். அது அவளுடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

வியாழக்கிழமை அவள் வாளியைத் திறந்து அரிசி அளந்தபோது மூன்று பேணியோடு நிறுத்திவிட்டாள். நாளாந்தம் நாலு பேணி. ஆளுக்கு ஒன்று என்பது கணக்கு. லதீஸுக்குப் பாணும் முதல்நாள் பருப்பும் மேசையில் இருந்தன. அவன் அதைப் பார்த்தான். பாணைப் பிய்த்து நின்றபடியே சாப்பிட்டான். நிவேதிகா தன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

"அம்மா, திஸ் இஸ் நொட் ஓகே" என்று அறைக்குள்ளிருந்து கத்தினாள்.

"உனக்கு என்ன தெரியும்" என்றாள் விமலாதேவி. "நாளைக்கு உன்ர லப்டொப் போகும். பிறகு உன்ர அப்பாவின்ர மோட்டச்சைக்கிளே போகும். சனிக்கிழமை வரைக்கும் பாப்பன். பிறகு நீ எழுதாட்டி நானே ஸ்ரேசனுக்குப் போவன்."

இது பின்னறைக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள். வெள்ளிக்கிழமை லதீஸ் வரதராஜாவிடம் வந்து, நாளைக்கு வெளிக்கிடுகிறேன் என்றான். ஸ்ட்ராத்ஃபீல்டில் யதுர்சன் என்று ஒரு சிநேகிதன், இரண்டு அறை பிளாட்டில் ஏற்கெனவே ஆறு பேர், விறாந்தையில் படுக்கலாம் என்றிருக்கிறானாம்.

"கேக்க முன்னமே ஓடுறான் பாருங்கோ" என்றாள் விமலாதேவி.

சனிக்கிழமை பகல் பதினொரு மணி. வெயில் இருந்தது, சூடு இல்லை. லதீஸ் தோளில் ஒரு பெரிய பையும் கையில் ரைல்ஸ் வெட்டுகிற கருவியுமாக முன்வாசலுக்கு வந்தான். "போட்டு வாறன் அக்கா, போட்டு வாறன் அண்ணை" என்றான். வரதராஜா தலையை ஆட்டினார். நிவேதிகா படியில் நின்றாள்.

"பையை ஒருக்காத் திறந்து காட்டிப்போட்டுப் போ" என்றாள் விமலாதேவி.

"அம்மா."

"நீ பேசாமல் இரு. சாமான் துலைஞ்ச வீடு. திறந்து காட்டுறதில என்ன குறைஞ்சுபோகும்?"

லதீஸ் மறுப்புச் சொல்லவில்லை. பையை முற்றத்தில் வைத்து முழங்காலில் இருந்தான். சிப்பைத் திறந்தான். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். மடித்த சேட்டுகள். ஒரு துவாய். சவரப் பெட்டி. விசாக் கடிதங்கள் வைத்த பிளாஸ்டிக் உறை. சைக்கிள் ரியூப்பை ஒடுக்கமாக வெட்டிய கீலங்கள், சுருட்டாக. ஒரு பழைய போன். எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று படாமல், வரிசையாக, பார்க்கிறவருக்கு வசதியாக வைத்தான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறி, வெறும் பை என்று காட்டினான். பிறகு எழும்பி, மூன்று அடி பின்னுக்குப் போய், காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் உயர்த்தினான்.

அவனை ஒருவரும் கையைத் தூக்கச் சொல்லவில்லை.

அந்த நிற்பு விமலாதேவிக்குத் தெரியும். தகப்பன் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறாள். தம்பி நின்றதைப் பார்த்திருக்கிறாள். இருபது வயதில் அவளே எத்தனையோ தடவை, வெயிலில், சோதனைச்சாவடி வரிசையில், யாரோ ஒருத்தி வந்து தடவிப் பார்த்து முடிக்கும்வரை அப்படி நின்றிருக்கிறாள். அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. தூரத்தில் எதையோ பார்த்தன. அதுவும் அவளுக்குத் தெரியும். சோதிக்கிறவரின் முகத்தைப் பார்க்கக்கூடாது. இன்றைக்கு அந்த முகம் தன்னுடையது என்று விளங்கியபோது அவளுக்கு அவமானமாக இருந்தது.

"கையைக் கீழ விடு" என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லை போலிருந்தது.

"கையைக் கீழ விடு ராசா" என்று மறுபடி சொல்லிவிட்டு அவள் படியில் இருந்துவிட்டாள்.

லதீஸ் கையை இறக்கினான். இறக்கிய கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் காற்சட்டையில் துடைத்தான்.

"கறிவேப்பிலைக்குக் கீழ இருக்கு அக்கா" என்றான்.

"என்னது?"

"பற்றறி."

லதீஸ் தானாகவே சொன்னான், குனிந்து சேட்டுகளை மறுபடி அடுக்கியபடி.

"செவ்வாய்க்கிழமை நீங்கள் எல்லாரும் போட்டியள். நான் மெத்தையை மடிச்சு வைச்சிட்டு, என்ர சாமான் ஏதும் தெரியுதோ எண்டு ஒருக்கா வீட்டைச் சுத்திப் பாத்தனான். அந்த அறையைத் திறந்தால் தட்டில பற்றறி. சிவப்பு வயர், கறுப்பு வயர். லைற் பத்திப் பத்தி நூருது. ஆக்கள் வந்து வீடு பாக்கப் போகினம். எனக்கு வேற ஒண்டும் தெரியேல்லை அக்கா. கை தானாச் செய்யுது."

"அவள் படம் எடுக்கிற ஏஜென்ற் பெட்டை" என்றாள் விமலாதேவி, மெதுவாக.

"ஓம் அக்கா. இப்பத் தெரியுது. பஸ்சில ஏறின பிறகே தெரிஞ்சுபோட்டுது. அந்த நேரம் தெரியேல்லை. வவுனியாவில நாங்கள் இருந்த வீட்டில கரண்ட் இல்லை. நான் சோதனைக்குப் படிக்கிறதுக்கு அண்ணை ஒரு மோட்டச்சைக்கிள் பற்றறியில ரெண்டு வயர் இழுத்து பல்ப் ஒண்டு போட்டவன். சுத்திவளைப்பு எண்டு ஆமி வந்தவங்கள். பற்றறியைப் பாத்தாங்கள், வயரைப் பாத்தாங்கள். இது என்னத்துக்கு, குண்டு வைக்கவோ எண்டு கேட்டாங்கள். தம்பி படிக்கிறதுக்கு எண்டு அண்ணை சொன்னவன். ஏத்திக்கொண்டு போட்டாங்கள். பிறகு நாங்கள் அவனைக் காணேல்லை."

நிவேதிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்டைக்குப் பின்னேரமே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் வரதராஜா.

"கிண்டி எடுத்து வைப்பம் எண்டுதான் வந்தனான் அண்ணை. செருப்பைக் கழட்டேக்க பொலிஸ் எண்டு சத்தம் கேட்டுது. அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது? வளவுக்குள்ள தாட்டு வைச்சிருக்கிறன் எண்டோ? ஆர் நம்புவினம்?"

நான் நம்பியிருப்பேன் என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை.

பின்வளவுக்குப் போனார்கள். விமலாதேவியே காய்ந்த புல்லை விலக்கினாள். லதீஸ் சிறு மண்வெட்டியால், மரத்தின் வேர் வெட்டுப்படாமல், ஓரமாகக் கிண்டினான். ஒரு முழ ஆழத்தில் பொதி தெரிந்தது. அதை அவள்தான் தூக்கினாள். இரண்டு பொலித்தீன் பைகள், ஒன்றுக்குள் ஒன்று. வாயை மடித்து, மெழுகுதிரிச் சுடரில் காட்டி உருக்கி, அழுத்தி ஒட்டியிருந்தது. அதற்கு மேலே சைக்கிள் ரியூப் கீலம், குறுக்கும் நெடுக்குமாக, இறுக்கமாக. உள்ளே இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாகக் காகிதமட்டை வைத்து மூடியிருந்தது.

விற்கப்போகிற சாமானை எவனும் இப்படிச் சுற்றமாட்டான். திரும்பி வந்து எடுக்கும்போது பழுதாகாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன்தான் இப்படிச் சுற்றுவான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது விமலாதேவி காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இப்படித்தான் சுற்றினாள். பொலித்தீனின் வாயை அவள் பிடிக்க, மெழுகுதிரியைத் தாய் பிடித்தாள்.

"ஆர் உனக்கு இது பழக்கினது?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் பழக்கேல்லை அக்கா. எல்லாரும் செய்ததுதானே."

வரதராஜா பற்றறியைத் துடைத்து மீற்றரை வைத்தார்.

"பன்னிரண்டு தசம் ஆறு" என்றார். இந்தமுறை சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

லதீஸ் அதைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் பொருத்தினான். இப்போது சிவப்பு முதல், கறுப்பு கடைசி. திறப்பைத் திருப்பி வரதராஜா பொத்தானை அழுத்தினார். இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. பின்னால் கொஞ்ச நேரம் புகை வந்தது. திங்கட்கிழமை விடிய வேலைக்குப் போகலாம். ஆனால் அவர் முகத்தில் அந்தச் சந்தோசம் வரவில்லை. சார்ஜரின் வயர் சுற்றியிருந்த முடிச்சை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

லதீஸ் முற்றத்துக்கு வந்து பையைத் தோளில் போட்டான்.

"அப்ப நான் வெளிக்கிடட்டோ அக்கா?"

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் விமலாதேவிக்கு இல்லை. கேட்க நினைத்தாலும் அதற்கு எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரிந்திருக்காது. விறுவிறென்று குசினிக்குள் போனாள். சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"லதீஸ், பையை அதில வைச்சிட்டு இஞ்ச வா."

அவன் போனான். அவள் அடுப்படியில் முதுகு காட்டி நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாளியில நாலு பேணி அரிசி எடு."

லதீஸ் அசையவில்லை. மூன்று வருடத்தில் அந்த வாளியின் மூடியைக்கூட அவன் தொட்டதில்லை.

"ஈரக்கை அக்கா."

"துடைச்சுப்போட்டு எடு."

அவன் கையைத் துடைத்து, மூடியைத் திறந்து, பேணியை அரிசிக்குள் இறக்கினான். ஒரு பேணி, இரண்டு பேணி. மூன்றாவது தடவை இறக்கும்போது பேணி எதிலோ முட்டியது. கையால் அரிசியை விலக்கினான். பொலித்தீன். உருக்கி ஒட்டிய வாய். அதற்கு மேலே சைக்கிள் ரியூப் கீலம், குறுக்கும் நெடுக்குமாக. கீலம் பழசாகி வெளிறிப் போயிருந்தது. ஓரிடத்தில் மட்டும் புதிதாக மாற்றிக் கட்டியிருந்தது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. கத்தியின் சத்தம் மட்டும் நின்றது.

"எங்கட மூண்டு பேற்ற சிட்டிசன் சேர்ட்டிபிக்கற்றும் என்ர தாலிக்கொடியும்" என்றாள் விமலாதேவி, மெல்லிய குரலில். "இருபத்தாறு வருசமா இப்பிடித்தான் வைக்கிறன். இவருக்கும் தெரியாது. நீ அரிசியை மட்டும் எடு."

லதீஸ் பொதியின்மேல் அரிசியைத் தள்ளி, கையால் மட்டப்படுத்தினான். பிறகு ஓரமாகப் பேணியை இறக்கி, மிச்சம் இரண்டு பேணியையும் அளந்தான்.